எண்ணெய் ஆணியின் மரை

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்கள் அரிதாயின, பழையதைப் பேணுவதே வழியாயிற்று. அப்பழக்கம் இன்றும் பயன் தருவதே.

எண்ணெய் வடிக்கும் ஆணி உருக்கினாலானது. அது பொருந்தும் இயந்திரக் கூடோ மென்மையான அலுமினியம். ஆதலால், மிகையாக முறுக்கினால் அழிவது கூட்டின் மரையே. எண்ணெய் கசிந்து வற்றுமாயின் இயந்திரம் இறுகிவிடும்.

இதற்காகக் கூட்டையே மாற்ற வேண்டுவதில்லை. துளையைச் சற்று அகலமாக்கிப் புதுமரை வெட்டி, அதனுள் உருக்குக் கம்பிச் சுருளைப் பதித்தால், பழைய அளவு ஆணியே பொருந்தும். வெட்டும் கருவியிற் கிரீசு பூசினால் துகள்கள் அதில் ஒட்டும். எஞ்சியவற்றைச் சிறிது எண்ணெய் ஊற்றி வெளியேற்றுக. பின்னர், புதிய வோசர் இட்டு, ஆணியை முதலிற் கையாலேயே திருகி, அளவறிந்து இறுக்குக.