மென்பொருளில் வழுக்களைதல்

தமிழாசிரியர்க்கு 'வழு' என்னும் சொல் புதியதன்று. திணை வழு, பால் வழு முதலாக இலக்கண நூலார் வகுத்த ஏழும் அவர்கள் நாள்தோறும் மாணவர் ஏடுகளில் திருத்துவனவே. அச்சொல்லையே கணினித் துறையாரும் மென்பொருளில் நேரும் பிழைக்கு வழங்குகின்றனர். ஆயின் ஏட்டிலுள்ள வழுவைக் கண்டவரே திருத்திவிடலாம். மென்பொருளிலோ காண்பவர் ஒருவர், களைபவர் வேறொருவர். அவ்விருவர்க்கும் இடையே நிகழ வேண்டுவது யாது என்பது எண்ணத்தக்கது.

விலைக்கு வாங்கிய மென்பொருளில் பிழை இருந்தால் விற்றவரைக் கேட்கலாம். லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் நிலை வேறு. அவற்றின் மூலநிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அவற்றில் உழைப்போருள் சிலர் நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர். பலர் தம் ஓய்வு நேரத்தைக் கொடையாக அளிப்போர். கொடையாளரிடம் கட்டளை செல்லாது. வேண்டுகோள் விடுக்கலாம்; அதனை எளிதில் நிறைவேற்றத்தக்கதாகவும் ஆக்கலாம்.

ஆசிரியர் ஒருவர் லிப்ரே ஆபீஸில் வினாத்தாள் தட்டெழுதுகிறார் என்று கொள்வோம். 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு இடம் மாறித் தோன்றுகிறது. "தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதி அனுப்புகிறார். அதைப் படிப்பவர் பெரும்பாலும் தமிழறியாதவர். எது சரி, எது பிழை என்பதே அவருக்குப் புலப்படாது. மேலும், யூனிகோடு முறையில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் வைக்கப்படுகின்றன. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் ககரத்தைச் சூழ்ந்து நிற்க வேண்டும். இவ்வாறு அமைத்துத் தருவது ஹார்ப்பஸ் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள். பயர்பாக்ஸ், குரோம் ஆகியனவும் அதனையே பயன்படுத்துகின்றன. எனவே குற்றம் லிப்ரே ஆபீஸில் இருக்கலாம், ஹார்ப்பஸில் இருக்கலாம், எழுத்துருவிலும் இருக்கலாம். அதே சொல்லை வேறோர் எழுத்துருவிலும், பிறகு பயர்பாக்ஸிலும் இட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், பிழை தோன்றும் ஒரே சொல் கொண்ட கோப்பு, தோன்றிய வடிவின் படம், தோன்ற வேண்டிய வடிவின் படம் ஆகியவற்றை அனுப்பினால், தமிழறியாதவரும் தம் கணினியில் அவ்வழுவை மீண்டும் தோற்றுவித்துக் காணலாம். அங்ஙனம் தோற்றுவிக்க இயலாத வழுவைத் திருத்துவார் அரியர். 'பட்டி' என்னும் மென்பொருளை ஆக்கிய சைமன் டாதம், வழுக்களை அறிவிக்கும் முறை பற்றி 1999-இல் எழுதிய கட்டுரையில் இதனையே வலியுறுத்தினார்.

சில வழுக்களைத் திருத்தினால் பழைய கோப்புகள் உருக்குலையும் என்று அப்படியே விட்டுவிடுவதுண்டு. அஃது ஒருவகை வழுவமைதி எனலாம். காரணம் கூறாமலே அறிவிப்பை மூடிவிடும் பொறுப்பாளரும் உளர், அது குறையே.

மாதங்கள் கடந்தும் விடை வராவிடில் நினைவூட்டலாம். நெருக்குதல் வேறு. அதன் விளைவை எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் வரலாறு காட்டும். அதனை லாசே காலின் என்பவர் ஊதியமின்றிப் பேணி வந்தார். 2022-இல், யாரென்று அறியப்படாத சிலர், பணி தாமதமாகிறது என்று அவரை ஓயாது குறைகூறினர்; வேறொருவரிடம் பொறுப்பை விடுமாறும் வற்புறுத்தினர். உதவ முன்வந்த ஜியா டான் என்னும் பெயருடையவர் நாளடைவில் இணைப் பொறுப்பாளரானார். 2024 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் வெளிவந்த இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழையக் கள்ளவழி ஒன்று அப்பெயரால் மறைத்து வைக்கப்பட்டது. குறைகூறியோரும் அச்சூழ்ச்சியைச் சேர்ந்தவர்களே என்பது பலர் ஐயம். மெய்யாகவே பயன்படுத்துவோர் பலரும் இவ்வாறே நச்சரிப்பதால்தான் பொய்க் குரல்கள் வேறுபட்டுத் தோன்றவில்லை.

அதனைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் மென்பொருளாளர். தொலைவிலுள்ள கணினியில் நுழைய வழக்கத்தினும் ஏறக்குறைய அரை நொடி மிகுதியாவதைக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்றார். 2024 மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட அறிவிப்பில் சினமோ குறைகூறலோ இல்லை. எந்தப் பதிப்புகள், எந்தச் சூழலில் அது நிகழ்கிறது, எதனை எவ்வாறு அளந்தார் என்பனவே இருந்தன. டெபியன் முதலிய அமைப்புகள் தாமதமின்றி அப்பதிப்புகளைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பின.