சைக்கிள் இருக்கிறது, ஓரம் எங்கே?

செஞ்சி ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கூடிவிடும். இன்று ஆடுகள் மினி லாரியில் வந்து இறங்குகின்றன. நாற்பது வருடத்துக்கு முன்னால் குட்டிகளைக் கூடையில் உட்காரவைத்து, கேரியரில் கட்டி, சைக்கிளில் கொண்டுவருவார்கள். ஹேண்டில்பாரில் நாட்டுக்கோழிகள் தலைகீழாகத் தொங்கும். மல்லாட்டை மூட்டை, பால் கேன், கோரைப்பாய்க் கட்டு எல்லாமே இரண்டு சக்கரத்தின் மேல்தான் வந்தன. திண்டிவனம் ரோட்டிலிருந்தும் திருவண்ணாமலை ரோட்டிலிருந்தும் வரிசை வரிசையாக வருவார்கள். பேச்சு மட்டும் நிற்காது. இரண்டு பேர் இணையாக மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிவர அந்த ரோட்டில் இடம் இருந்தது.

சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகைக் கடை. நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார் கடைக்காரர். தெரியாத பையனாக இருந்தால் அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வார். மட்கார்டில் பெயிண்டால் நம்பர் போட்டிருக்கும். சின்னவர்களுக்கு அரை சைக்கிள். அது கிடைக்காத அன்று பெரிய வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல்.

அந்தக் கடைகளில் பார்க்க வேண்டியது ரிம் கோட்டம் எடுப்பதைத்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓடும் ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார்கள். கோணலாக இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளை ஒரு பக்கம் இறுக்கி, மறுபக்கம் தளர்த்தி, மறுபடி சுழலவிடுவார்கள். கோடு விழாமல் ஓடும்வரை விடமாட்டார்கள். இப்போது அதே மாதிரி கடைகளில் மோட்டார் பைக் டியூப் மாட்டுகிறார்கள். சைக்கிளைக் கொண்டுபோனால் 'வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்' என்கிறார்கள். பார்ப்பதற்கு நான்கு நாள் ஆகும்.

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அமாவாசை இரவு அங்காளபரமேஸ்வரிக்கு ஊஞ்சல் உற்சவம். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு, சைக்கிளில் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. பாரில் துண்டைச் சுற்றி மெத்தையாக்கிப் பிள்ளையை உட்காரவைப்பார்கள்; பின்னால் கேரியரில் மனைவி, அவள் மடியில் தேங்காய் பழப் பை. இப்போது சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வருகின்றன, வேனும் காரும் வந்து குவிகின்றன. ஊஞ்சல் முடிந்ததும் நள்ளிரவில் அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும், பாதி ஓட்டுநர்கள் தூக்கக் கலக்கத்தில். அந்த நேரத்தில் வளத்தி ரோட்டில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அம்மன்தான் துணை. வருகிற கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேரையும் தாங்கும்படி ரோட்டை மாற்றியபோது, உள்ளூரில் மிதித்துப் போகிறவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சாயத்தில் வரி கட்டிப் பித்தளைப் பில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டியபின் டைனமோ எரியாவிட்டால் கான்ஸ்டபிள் பிடிப்பார். டபுள்ஸ் அடித்தால் இறக்கிவிட்டுக் காற்றைப் பிடுங்குவார். சட்டம் என்றால் சைக்கிள்காரனுக்குத்தான் என்றிருந்தது. பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அதை உடைத்தது புதுக்கோட்டை. 1991 வாக்கில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 2001-02இல், பதினோராம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எல்லோருக்கும்.

இன்று வருடத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்கள் இப்படிப் போகின்றன. மேல்மலையனூர்ப் பக்கம் பள்ளி விடும் நேரத்தில் நின்று பார்த்தால், முன்னால் கூடை வைத்த அந்த வண்டிகள் கூட்டமாக வெளியே வரும். சைக்கிள் காலம் முடிந்துவிட்டது என்பவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிளஸ் டூ முடித்து அக்கா கல்லூரிப் பேருந்து ஏறியதும் வண்டி தம்பிக்கு வரும். அதன்பின் அப்பா அதில் புல்லுக்கட்டு ஏற்றுவார். சில வீடுகளில் தார்சாவில் சாய்த்தபடியே துருப்பிடிக்கும். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: 'மெயின்ரோட்டுல அனுப்பப் பயமா இருக்கு சார்.'

அந்தப் பயம் வெறும் மனப்பிராந்தி இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். கிருஷ்ணகிரியிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை பல வருடம் தோண்டிப் போட்டபடி கிடந்து, பிறகு அகலமானது. கார்காரருக்கு நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் பழைய ரோட்டில் தாருக்கு வெளியே, புளியமரத்துக்கு உள்ளே, மண் ஓரம் ஒன்று இருந்தது. பஸ் ஹாரன் கேட்டால் சைக்கிள் அங்கே இறங்கிக்கொள்ளும். அகலப்படுத்தியதில் மரமும் போனது, மண் ஓரமும் தாருக்குள் போனது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் ஓரம் விட்டிருக்கிறார்களே என்பார்கள். விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே அதில் பைக்குகள் இடப்பக்கமாக முந்துகின்றன. ஊருக்குள் டாடா ஏஸ் நிற்கிறது, பழக்கடை நிற்கிறது, சில இடத்தில் நெல் காய்கிறது. 'ஓரமா போம்மா' என்று சொல்லி மகளை அனுப்பும் தாய்க்கு, அந்த ஓரத்தில் என்ன நிற்கிறது என்று தெரியும்.

ஒரு துறை சைக்கிள் கொடுக்கிறது, இன்னொரு துறை அது போகும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கம், நம் வரிப்பணம். சைக்கிள் பாதை எத்தனை அகலம், எங்கே தேவை என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962லேயே வரையறை எழுதி வைத்துவிட்டது. ஐ.ஆர்.சி. 11 என்று அதற்குப் பெயர். ஆக, தொழில்நுட்பம் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. கேட்க ஆளில்லாததால் விட்டார்கள்.

கேட்டவர்களும் உண்டு. விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துச் சலித்த கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கால்தான் சாலைப் பாதுகாப்புக்கான நீதிமன்றக் குழு வந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 138(1ஏ) என்ற பிரிவு சேர்ந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் போன்ற இன்ஜின் இல்லாத வண்டிகளுக்கும் மாநில அரசுகள் விதிகள் செய்யலாம் என்கிறது அது. பல வருடம் ஏட்டிலேயே கிடந்த அந்தப் பிரிவுக்கு ஆறு மாதத்தில் விதிகளை எழுதுங்கள் என்று 2025 அக்டோபரில் அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நெதர்லாந்தைச் சைக்கிள் சொர்க்கம் என்கிறோம். அது பிறப்பிலேயே அப்படி இருந்த நாடு இல்லை. 1971இல் அங்கே சாலையில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள்; அதில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கி, 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து' என்று பதாகை பிடித்தார்கள். அதன் பிறகுதான் பாதைகள் பெருகின. நடப்பவரும் சைக்கிளும் மோட்டாரும் கலந்து போகும் இடத்தில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு சொன்னது. சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2023இல் குடியிருப்புத் தெருக்களுக்கு அதே 30ஐ அறிவித்தார்கள். செஞ்சி கூட்டுரோட்டிலும் மேல்மலையனூர் பள்ளி வாசலிலும் அந்தத் தெருப் பிள்ளைகளின் வயதுப் பிள்ளைகள்தான் கடக்கிறார்கள்.

செஞ்சிக்கு இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 ஜூலையில், மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தொகுப்பிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரம் டவுனிலிருந்து மிதித்தே போகும் தூரம். ஹம்பிக்கு வருகிறவர்கள் சைக்கிளை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறார்கள். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பிழைத்த நம் ஊரில் பஸ் இறங்குகிறவருக்கு ஆட்டோதான். கடை போட யாராவது முன்வந்தாலும் அந்த நெடுஞ்சாலையில் விருந்தாளியை இறக்கிவிட மனசு வருமா என்பது வேறு கேள்வி.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும் இருக்கிறது. மனுவில் மூன்று விஷயம் போதும்: பள்ளி வாசல்களில் ரோட்டுக்கு மேலே உயர்த்திய கடவுப்பாதை, காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் 30 கிலோமீட்டர் வேகம், ஊர் எல்லைக்குள் தார் ஓரத்தில் வண்டி நிறுத்தத் தடை. அமாவாசை இரவுக்கு மட்டும் வளத்தி ரோட்டில் கூடுதல் போலீஸ் என்று நான்காவதையும் சேர்க்கலாம். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் சைக்கிள் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர். தலைமையாசிரியர் ஒருவர் முத்திரை குத்தி அனுப்பினால் மனு மேசையிலிருந்து சீக்கிரம் நகரும்.