மணவிலக்குக்குப் பின் பேரப்பிள்ளைகளுடன் தொடர்பில் இருப்பது எப்படி?

மகன் அல்லது மகளின் மணவாழ்க்கை முறியும்போது, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சாப்பாடு கொடுத்த தாத்தா பாட்டிக்கு அந்த வேலை ஒரே வாரத்தில் நின்றுபோகலாம். வருத்தம் வருவது இயல்பே.

சிங்கப்பூரில், பேரப்பிள்ளையைச் சந்திக்கும் உரிமை தாத்தா பாட்டிக்குச் சட்டப்படி தானாகக் கிடைப்பதில்லை. பராமரிப்பையும் சந்திப்பு நேரத்தையும் நீதிமன்றம் பொதுவாகப் பெற்றோருக்கு இடையேதான் வகுக்கிறது. பிள்ளை தாயிடம் இருந்தால், மகனின் சந்திப்பு நேரத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மருமகளிடம்தான் கேட்க வேண்டும்.

அவரிடம் நியாயம் பேசாதீர்கள், நியாயம் உங்கள் மகன் பக்கமே இருந்தாலும்! “பேரனை என் கண்ணில் காட்டு” என்பதைவிட, “செவ்வாய்க்கிழமை உனக்கு வேலை முடியத் தாமதமாகுமே, தம்பியை நான் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டி வரட்டுமாம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்ட நேரத்தில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

பிள்ளையிடம் துப்பு விசாரிக்க வேண்டாம். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அதன் வாயால் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தன்னால்தான் அப்பா அம்மா பிரிந்தார்கள் என்று சிறு பிள்ளைகள் நினைப்பதுண்டு. “உன்னால் இல்லை” என்று சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள்.

பார்க்க முடியாத வாரங்களில் காணொளி அழைப்பு உதவும். “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை தலையாட்டிவிட்டு ஓடிவிடும். பொம்மையைக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் தோசை சுடுவதைக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஆனால் வாரந்தோறும் அதே நாள், அதே நேரம்.

பிள்ளை உங்கள் வீட்டிலேயே வளர்கிறதா? மறுபக்கத்தில் இன்னொரு தாத்தா பாட்டி காத்திருப்பார்கள். அவர்களது அழைப்பை எடுக்கும்படி மகளிடம் நீங்களே சொல்லலாம்.

சந்திப்பை மறுத்துவிட்டால், பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள், சங்கடம் பிள்ளைக்குத்தான். பதில் வராவிட்டாலும் பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அட்டை அனுப்புங்கள். அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியரிடம் ஆலோசனை கேளுங்கள்.

தூக்கமோ பசியோ குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் போனால், ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பலதுறை மருந்தகம் செல்லும்போது மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். மனம் விட்டுப் பேச யாராவது வேண்டுமென்றால், 24 மணி நேரமும் 1771 என்ற எண்ணை அழைக்கலாம்.