பாரிசவாதம்: நோயாளி மீளவேண்டியது எந்த வாழ்வுக்கு?

மூளைக்கான இரத்தோட்டம் தடைப்படுவதாலோ, இரத்தக்குழாய் வெடிப்பதாலோ ஏற்படும் பாரிசவாதத்திலிருந்து உயிர்தப்பிய பலர், ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்த நிலையிலேயே வீடு திரும்புகின்றனர். அவர்கள் எதை முதலில் மீட்க விரும்புகின்றனர் என்பதை நோயின் தீவிரம் மட்டுமன்றி, அவர்களது வாழ்க்கைச் சூழலும் பண்பாடும் தீர்மானிக்கின்றன.

ஹட்டன், நுவரெலியா பிரதேசத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதற்கு இரு கைகளும் வேண்டும். மலைச்சரிவில் ஏறுவதற்கு உறுதியான கால்கள் வேண்டும். வைத்தியசாலையின் சமதளத்தில் நடக்கப் பழகியவர், லயனுக்கு இட்டுச்செல்லும் படிக்கட்டுகளில் தடுமாறுகின்றார். பல லயன்களில் மலசலகூடம் வெளியே உள்ளது. குந்தியே அமரவும் வேண்டும். இந்நிலையில், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைவிட, பிறர் துணையின்றி மலசலகூடம் சென்று வருவதே ஒரு பெண் தொழிலாளியின் முதல் விருப்பமாக இருப்பதில் வியப்பில்லை.

வலது கை செயலிழந்தவரை இடது கையால் உண்ணுமாறு கூறுவது எளிது. ஆனால் இந்துக்களும் முஸ்லிம்களும் உணவுக்கு வலது கையையே உரியதாகக் கருதுகின்றனர். இடது கையால் உண்ணக் கூசி, பந்தியையே தவிர்ப்போரும் உளர். தொழுகையில் நின்று, குனிந்து, சுஜூது செய்வதே வழமை. இயலாதவர் அமர்ந்தோ படுத்தோ தொழ இஸ்லாம் இடமளிக்கின்றது. எனினும், பள்ளிவாசலில் மீண்டும் வரிசையில் நிற்பதையே குணமடைந்ததன் அடையாளமாகக் கருதுபவருக்கு, அதுவே பயிற்சியின் இலக்காக வேண்டும்.

குடும்பத்தினரின் பாசமும் சில வேளைகளில் தடையாகின்றது. ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் கடமையெனக் கருதி அனைத்தையும் அவர்களே செய்துவிடுகின்றனர். மூளையோ திரும்பத் திரும்பச் செய்யும் முயற்சியினாலேயே இழந்த திறனை மீளக் கற்கின்றது. சேலையைத் தானே கட்ட அனுமதிப்பதும், அடுப்படியில் சிறு வேலையொன்றை ஒப்படைப்பதும் புறக்கணிப்பு அல்ல, அவையும் சிகிச்சையே.

இயலாமையை உடற்குறையாக மட்டுமன்றி, சூழலுடனும் சமூகப் பங்கேற்புடனும் இணைத்தே நோக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாட்டிலேயே ஏற்றுக்கொண்டது. மலையகத்தில் 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் புதிய வைத்தியசாலைக் கட்டடமும் திறக்கப்பட்டது. ஆயினும், கட்டடங்கள் மாத்திரம் போதா. நோயாளியின் மொழியிலேயே அவரது தேவையைக் கேட்டறிதல், லயன் படியில் கைப்பிடி அமைத்தல், வீட்டாருக்குப் பயிற்சியளித்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. “உங்களுக்கு மீண்டும் எதைச் செய்ய வேண்டும்?” என்ற கேள்வியிலிருந்தே புனர்வாழ்வு தொடங்கட்டும்.