அற்றோணித் தத்துவமும் மரணசாதனமும்

மலாயாவிலே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர், ஊர்க்காணிகளை உடன்பிறந்தார் பொறுப்பிலே விட்டுச் சென்றனர். குத்தகைப் பணம் வாங்க வாய்ச்சொல் போதியதாயிருந்தது. விற்கும் வேளையிலோ அது உதவவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதியில் உரியவரோ, அவரிடம் முறைப்படி அதிகாரம் பெற்றவரோ, நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் உடனிருக்க ஒப்பமிடல் வேண்டும். அன்றேல் விற்பனை செல்லாது. அவ்வதிகாரத்தை எழுத்தில் அளிப்பதே அற்றோணித் தத்துவம். அதனைப் பதிவு செய்தற்கு 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது.

தத்துவத்தில் எழுதியதற்கு மேல் தத்துவக்காரருக்கு உரிமையில்லை. குத்தகைக்குக் கொடுக்க அதிகாரம் பெற்றவர் விற்கமுடியாது. “சகல கருமங்களும்” என்று அள்ளிக் கொடுப்பது நம்பிக்கையன்று, அசட்டையே.

இன்னொன்றைப் பலர் அறியார். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அற்றுப்போகும். தங்கையின் சீதனத்துக்கென்று அண்ணன் எண்ணியிருந்த காணியைத் தம்பி பின்னர் எழுதிக் கொடுக்க இயலாது. அது அண்ணனுடைய உரித்தாளரையே சேரும். அவ்வெண்ணம் நிறைவேற மரணசாதனம் வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் உடனிருக்க அதனை முடிக்கலாம். நொத்தாரிசு இல்லாவிடத்து ஐந்து சாட்சிகள் வேண்டும்.