குளம் வற்றுங் காலத்தில் கரையிலிருந்து தூண்டிலிடல்

சிறுபோக நெல் அறுவடையாகும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் உலர்வலயக் குளங்கள் ஆண்டின் மிகக் குறைந்த மட்டத்தை அடைகின்றன. மாரியில் அலைகரை வரை பரந்து திரிந்த மீன்கள், அப்பொழுது துருசை அடுத்த பள்ளத்திலும், குளம் கட்டப்படுமுன் அருவி ஓடிய பழைய தாழ்விலும் வந்து ஒடுங்குகின்றன. கமக்காரருக்கும் அக்காலத்தில் வயல்வேலை குறைவு. ஒரு கம்பும் சில பாகம் தங்கூசியும் உடையவர், கரையில் இருந்தபடியே வீட்டுக்கு வேண்டிய கறியைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் குளத்து மீன்வளம் அடியோடு அழிவதும் பெரும்பாலும் இதே மாதங்களிலேயே ஆகும்.

கரையிலிருந்து பிடிபடுவது பெரும்பாலும் திலாப்பியாவே. சில பகுதிகளில் இதனை யப்பான் மீன் என்பர். இம்மீனின் முதல் இனம் 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்மீன் ஆழங்குறைந்த ஓரத்தில் தட்டுப் போன்ற குழியைத் தோண்டிக் காவல் செய்யும். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயினுள் வைத்துப் பேணும். அந்நாட்களில் அது இரை எடுப்பது மிகக் குறைவாதலால் தூண்டிலில் அகப்படுவது அரிது. சிறுகண் வலையை இழுத்தாலோ தாயும் குஞ்சும் ஒருங்கே கரையேறிவிடும். தூண்டிலைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற் காரணம்.

வற்றிய குளத்தில் விடியற்காலையில் தூண்டிலிடுவது பெரும்பாலும் வீண். நீர் பச்சை நிறமாயிருப்பின் அதில் நுண்பாசிகள் மிகுந்துள்ளன என அறியலாம். அவை பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ மீன்களைப் போலவே அவையும் அதனை உட்கொள்ளும். அடியிற் கிடக்கும் அழுகற் பொருள்களும் அதனைக் குறைக்கும். இதனால் விடியுமுன் நீரிற் பிராணவாயு மிகக் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவ்வாறு நிற்கும் மீன் இரையை நாடாது. வெயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் சென்றபின் தூண்டிலிடுதல் நன்று. மப்பும் காற்றின்மையும் சேர்ந்து சில நாள் நீடிப்பின், ஒரே இரவில் மீன்கள் கூட்டமாக மாள்வதுமுண்டு. அயலவர் நஞ்சிட்டனர் என்று ஊரிற் பகை மூளுவதற்கு முன் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எவ்வாறாயினும், காரணம் தெரியாது இறந்து மிதக்கும் மீனைச் சமைத்தல் ஆகாது.

இடத்தைத் தெரிவதற்குக் காற்று உதவும். சோழகம் வீசும் நாட்களில் மேல்நீரிலுள்ள பாசியும் பூச்சிகளும் வடகிழக்குக் கரைக்கு ஒதுக்கப்படும். மீனும் அவற்றைத் தேடி அங்கு வரும். நீரினுள் நிற்கும் பட்ட மரங்கள், தாமரைக் கொடிகளின் ஓரம் ஆகியனவும் நல்ல இடங்கள். விரால் தேடுவோர் அல்லியும் புல்லும் அடர்ந்த மூலைகளுக்குச் செல்லல் வேண்டும்.

திலாப்பியாவின் வாய் சிறியது. ஆகவே வளைவின் அகலம் கால் அங்குலம் அளவான சிறு தூண்டிலே போதும். கிடைச்சித் துண்டைத் தக்கையாகக் கட்டி, இரை அடிநிலத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு நூலின் நீளத்தைத் திருத்துக. மண்புழு சிறந்த இரை. பிசைந்த கோதுமை மாவும் உதவும். புழுவை எருக்குவியலின் அடியிலோ வாழையடியிலோ தோண்டி எடுக்கலாம். குளக்கட்டின் அடிவாரத்தில் தோண்டுவது பெருந்தவறு. கோடையில் வெட்டிய சிறு குழி மாரியில் நீர் கசியும் வழியாகி, கட்டினையே உடைக்கக் கூடும்.

துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எஞ்சும் நீர் வாய்க்காலில் தானே பாயாது. மாடு குடிப்பதும், ஊரார் குளிப்பதும், அடுத்த மாரிக்கு வித்தாகும் மீன்கள் தங்குவதும் அந்நீரிலேயே. அண்மைக் காலத்தில் மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்கு இந்நீரையும் இயந்திரம் கொண்டு இறைத்துவிடுகின்றனர். வாடும் பயிரைக் கண்டு வாளாவிருத்தல் எளிதன்று என்பது உண்மை. எனினும் அதனாற் காப்பாற்றப்படுவது ஒருவரின் தோட்டம். இழக்கப்படுவது ஊர் முழுவதற்கும் உரிய நீரும் மீனும். சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் செய்வது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்யும்போதே இந்நீரைக் கணக்கிற் சேர்க்காது விடுதல் வேண்டும். ஆண்டுதோறும் முற்றாக வற்றும் சிறு குளங்களுக்கு இது பொருந்தாது. அங்கு எஞ்சிய மீனைப் பிடித்து உண்பதே முறை. விடின் கொக்குக்கும் நாரைக்குமே பயன்படும்.

மாரி தொடங்கியபின் ஒரு கட்டுப்பாடு வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேல்நீரில் எழுவதைக் கண்டால் அவற்றின் அடியிற் பெற்றோர் விரால் காவல் நிற்கும். அதனைப் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கு இரையாகும்.

தொடர்குளங்களில் மேற்குளத்து வயல்களின் கழிநீர் கீழ்க்குளத்தை அடைகிறது. ஆகையால் பூச்சிநாசினி தெளித்தவர் தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவுதல் கூடாது. மீனவர் சங்கம் தொழில் செய்யும் குளங்களிலும், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை குஞ்சு விட்ட குளங்களிலும் முன்னரே அனுமதி கேட்டுக்கொள்க.

நீர் சுருங்கும்போது முதலைகளும் அதே பள்ளத்தில் வந்து சேரும். எனவே நீரில் இறங்கி நின்று தூண்டிலிடுதலும், கரையோரத்திலிருந்து மீன் கழுவுதலும் ஆபத்தானவை. பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது. மீனை வீட்டுக்குக் கொண்டுசென்று செதிலும் குடலும் நீக்கி, உப்புச் சேர்த்த புளித்தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால், வற்றுநீர் மீனுக்குரிய சேற்று மணம் பெரிதும் குறையும்.