ஆய்வகத்துக்கே பரீட்சை! தெரியுமா உங்களுக்கு?

சினிமாவில் ஒரே ஒரு தலைமுடி கிடைத்தால் போதும், வில்லன் மாட்டிக்கொள்வான். நிஜத்தில்? 2009 பிப்ரவரியில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி ஓர் அறிக்கையில் தன் நாட்டுத் தடயவியலையே கூண்டில் ஏற்றியது தெரியுமா? டி.என்.ஏ. சோதனை நீங்கலாக வேறெந்த முறையும் 'இந்தத் தடயம் இந்த ஆளுடையதுதான்' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு முறையாகச் சோதித்து நிரூபிக்கப்படவில்லை என்று போட்டு உடைத்தது. கைரேகை? அதுவும்தான்!

அந்த அறிக்கையில் இன்னொரு சேதி. சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியை அங்கே பல மாவட்டங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் டாக்டராக இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. இண்டியானா மாநிலத்தில் பள்ளிப் படிப்பே முடிக்காத 17 வயதுப் பிள்ளை தேர்வெழுதித் துணை அதிகாரி ஆகிவிட்டது!

கைரேகைக்கு வருவோம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நினைவிருக்கிறதா? டெட்டனேட்டர்கள் இருந்த பையில் ஒரு விரல்ரேகை. ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவருடையது என்று சத்தியம் செய்தது எஃப்.பி.ஐ. நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் ஆமாம் போட்டார். ஸ்பெயின் போலீஸோ அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்தது. அமெரிக்க அரசுக்கு மன்னிப்போடு 20 லட்சம் டாலர் தண்டம்.

இதை வைத்து இட்டியேல் டிரோர் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு வேலை செய்தார் பாருங்கள்! பழுத்த கைரேகை நிபுணர்கள் ஐந்து பேரிடம் தனித்தனியே ஒரு ஜோடி ரேகையை நீட்டி, 'எஃப்.பி.ஐ. ஏமாந்ததே, அந்த மாட்ரிட் ரேகை. பொருந்துகிறதா?' என்று கேட்கவைத்தார். மூன்று பேர் 'இல்லை' என்றார்கள், ஒருவர் 'சொல்ல முடியாது' என்றார். உண்மையில் அவை மாட்ரிட் ரேகைகளே அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அவரவரே வழக்குகளில் 'பொருந்துகிறது' என்று எழுதிக் கொடுத்தவை! ஐந்தாமவர் மட்டும் தன் பழைய முடிவிலேயே நின்றார். காதில் போட்ட ஒரு சேதியே நிபுணரின் முடிவைத் திருப்பிவிடுகிறது. ஆய்வகங்களைப் போலீஸ் நிர்வாகத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று அகாதமி ஏன் மன்றாடியது என்று புரிகிறதா?

தலைமுடி ஒப்பீடு இன்னும் மோசம். மறு ஆய்வு செய்த வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தன் நிபுணர்களின் சாட்சியத்தில் பிழை இருந்ததை 2015இல் எஃப்.பி.ஐ.யே ஒப்புக்கொண்டது.

அப்புறம் சீர்திருத்தம் நடந்ததா? நாடு முழுவதுக்கும் ஒரே சுதந்திர அமைப்பு வேண்டும் என்றது அறிக்கை. அது பிறக்கவே இல்லை. 2013இல் வந்த தேசியத் தடயவியல் ஆணையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். 2014 முதல் தரவிதிகளை வகுக்க ஒரு குழு உழைக்கிறது. ஆனால் பின்பற்றியே ஆகவேண்டும் என்று ஆய்வகங்களை அதட்டும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பல்லில்லாத புலி என்பேன் நான்.

ஆனால் ஹூஸ்டன் நகரைப் பாருங்கள்! கூரை ஒழுகித் தடயங்கள் நனைந்து நாறிய போலீஸ் ஆய்வகம் அது. 2014இல் அந்தப் பணியைப் போலீஸிடமிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். இன்று அங்கே நிஜ வழக்குகளுக்கு நடுவே போலி வழக்குகளைச் சத்தமில்லாமல் நுழைக்கிறார்கள். எது பரீட்சை என்பதே ஊழியருக்குத் தெரியாது. மோப்பம் பிடித்துச் சரியாகச் சொன்னால் காபிக்கடை பரிசு அட்டை. நிஜ வழக்கைப் போய்ப் போலி என்றால் ஒரு டாலர் அபராதம்!